ஏழாவது சீன் எந்தப் படம்?

திருவண்ணாமலையில் யாராவது "சாப்டியா கண்ணு?" என்று கேட்டால் பசியைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஜோக். ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும், வாட்ஸாப்பில் ஸ்டிக்கராகச் சுற்றும். பரீட்சையில் கோட்டை விட்டவனைச் சுற்றி நின்று கூட்டாளிகள் அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் உள்ளூர் கேபிள்காரர்கள் தீபத் திருவிழாவுக்காக எடுத்த 'காட்டேரி மாப்பிள்ளை' என்ற அரைமணி நேரக் காமெடியில் வரும் வசனம் அது. அதுவரை வந்த பேய்ப் படங்களை ஒன்று விடாமல் வாரி எடுத்துக் கிண்டலடித்திருந்தார்கள். ஊரில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு, பார்த்துவிட்டுச் சிரிக்காதவர்கள் இல்லவே இல்லை.

மதுமிதா வந்தவாசிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் முழுசாக ஆகவில்லை. வீட்டிலிருந்தபடியே யூடியூபில் 'இது எங்கே சுட்டது?' என்று ஒரு சேனல் நடத்துகிறாள். எந்தக் காமெடி எந்தப் படத்திலிருந்து வந்தது, எந்தச் சிரிப்புக்குப் பின்னால் எந்தப் பழைய அழுகை இருக்கிறது என்று துருவித் துருவிக் கண்டுபிடித்து மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டுவாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று பார்க்கிறவர்கள் எழுதுவார்கள். புகுந்த ஊருக்கு மரியாதை செய்தது போல இருக்கட்டுமே என்றுதான் 'காட்டேரி மாப்பிள்ளை'யைக் கையில் எடுத்தாள்.

அதில் மொத்தம் ஏழு சீன். தானாக ஆடும் ஊஞ்சல் 'ரத்தினபுரி ரகசியம்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வந்தது. வெள்ளைப் புடவையும் பாட்டும் 'கொலுசுக் கோதை'. பூனைக்குக் கோட்டு மாட்டிவிட்டது ஒரு தெலுங்கு டப்பிங் படம். இப்படி ஆறு சீனுக்கு ஆதி அந்தம் கண்டுபிடித்துவிட்டாள். ஏழாவதுதான் இழுத்தடித்தது. ஊரே மனப்பாடம் செய்து வைத்திருக்கும் "சாப்டியா கண்ணு?" வருவது அதில்தான்.

அந்தச் சீனில் ஒரு பெண் கூடத்தில் இரண்டு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே மலையின் நிழல் மெல்லத் தெருவைக் கடந்து வரும். குடைத்துணியைத் தோளில் மாட்டிய காட்டேரி மாப்பிள்ளை விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பஜ்ஜி தின்றபடி அந்த நிழலை எட்டி எட்டிப் பார்ப்பான். நிழல் வாசற்படி ஏறியதும் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தேனாய் ஒரு குரலில் "சாப்டியா கண்ணு?" என்பான். அவள் தன் தட்டைத் தரையில் கவிழ்த்துவிட்டு அதன் மேல் ஒரு நிமிஷம் கையை வைத்திருப்பாள். பின்னணியில் சிரிப்பொலி வெடிக்கும்.

"இங்கிலீஷ் ரத்தக் காட்டேரி படம்க்கா, வெயில் பட்டா சாம்பலாயிடுவான்ல" என்று பலரும் எழுதினார்கள். மதுமிதாவும் அப்படித்தான் நினைத்து நாலைந்து காட்டேரிப் படங்களைக் கண் வீங்கப் பார்த்தாள். ஒன்றிலும் ஒட்டவில்லை. பஜ்ஜி பிடித்த கையில் வெயில் பளிச்சென்று விழுகிறது, அவன் சாம்பலாகவில்லை. கிண்டல் படம் எடுக்கிறவன் அந்த இடத்தில் புகையாவது விட்டிருப்பானே? உள்ளே போகிறவன் கழுத்தைக் கடிக்கவும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறான், அவ்வளவுதான். வெயிலுக்குப் பயப்படாதவன் வெயில் போவதற்கு எதற்காகக் காத்திருக்கிறான்?

இந்தக் கேள்வியை அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள். மடிக்கணினியைச் சட்டென்று மூடிவிட்டாள்.

மூடியதற்குக் காரணம் இருந்தது. மதுமிதா வீட்டார் சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது பிறந்ததிலிருந்து பழக்கம், சாய்ந்துவிட்டால் மறுநாள் காலை வரை பட்டினிதான். தாய்வீட்டில் அது ஒரு கஷ்டமாகவே தெரிந்ததில்லை. அப்பா நிலத்திலிருந்து வந்து கை கழுவுவார், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள், அப்புறம்தான் வரப்புக்கு அந்தப்புறம் சூரியன் இறங்கும். இங்கே கதை வேறு. வீடு மலைக்குக் கிழக்கே இருக்கிறது. சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். "மலை நெழலு வாசப்படி ஏறிட்டா நம்ம ஊட்ல பொழுது போச்சுனு கணக்கு. எங்க அப்பா காலத்து வழக்கம்" என்று கல்யாணமான புதிதில் அவள் புருஷன் தரணேந்திரன் சொன்னான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை என்று அவளும் தலையாட்டினாள். "ரெண்டு பேரும் சேந்துதான் சாப்டணும், இன்னா?" என்றும் சொன்னான். அன்றைக்கு அதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

தரணிக்குப் போளூர் ரோட்டில் டைல்ஸ் கடை. சொந்தக் கடை, நினைத்த நேரத்துக்குப் புறப்படலாம். முதல் இரண்டு மாதம் நேரத்தோடு வந்தான். பிறகு நிழல் வாசலைத் தொடுகிற சமயத்துக்கு வந்தான். பிறகு நிழல் ஏறிய கையோடு வர ஆரம்பித்தான். வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே "சாப்டியா கண்ணு?" என்பான். ஊர் ஜோக்கைச் சொல்கிறான் என்று அவளும் ஆரம்பத்தில் சிரித்தாள். அவன் மேல் லேசாக எண்ணெய் வாசனை அடிக்கும்.

ஒருநாள் பசி தாங்காமல் அவனுக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டாள். வந்தவன் கழுவி வைத்த தட்டைப் பார்த்தான். "சரி" என்று புன்னகைத்தான். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சமைத்ததைத் தொடவில்லை. அவள் வைத்த தண்ணீரை அப்படியே எடுத்துப்போய்த் துளசிச் செடிக்கு ஊற்றினான். கடைசியில் ஒரு காலை, ஒன்றுமே நடக்காதது போல அவள் கன்னத்தைத் தட்டி, "இனிமே காத்துனு இரு, இன்னா?" என்றான். அந்த விரல் கன்னத்தில் பட்டபோது மதுமிதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றிலிருந்து அவள் சாயங்காலம் சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அம்மாவிடம் என்னவென்று சொல்வது? அடித்தானா என்றால் இல்லை. குடிக்கிறானா என்றால் அதுவும் இல்லை. "லேட்டா வரான்மா" என்றால் அம்மா சிரிப்பாள்.

இந்த மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது. டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கே, ராத்திரி வெறும் வயித்தோட படுக்காதம்மா" என்று கண்டித்து அனுப்பினாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு விலக்கு உண்டு, இருட்டினாலும் சாப்பிடு என்று அம்மா போனில் சொன்னாள். அதைத் தரணியிடம் சொன்னதும் அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, "எங்க அம்மா என்னைச் சுமந்தப்ப ஒருநாளும் வெலக்கு கேட்டதில்ல" என்றான். மாமியார் சன்மதி அப்போது பக்கத்தில்தான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடியும் ஓடியது.

சன்மதி அதிகம் பேசாத மனுஷி. மாமனார் போன பிறகு நாலரைக்கே தனியாகச் சாப்பிட்டுவிடுவாள். "நீயும் உக்காரும்மா" என்பாள் தினமும். "அவர் வரட்டும் அத்தை" என்று மதுமிதா சொன்னால் மேற்கொண்டு வற்புறுத்த மாட்டாள். தரணி முதல்முறை தாமதமாக வந்த அன்று, மதுமிதாவின் காலித் தட்டை எடுத்துத் தரையில் கவிழ்த்து அதன் மேல் கையை வைத்தவள் அவள்தான். "இப்டி செஞ்சிட்டா மனசு ஆறும்" என்றாள். அதிலிருந்து மதுமிதாவும் அப்படியே செய்து வருகிறாள்.

ஒரு படத்தின் பேர் கிடைத்தால் போதும் என்று மதுமிதாவுக்கு ஆகிவிட்டது. எந்த மொழியாக இருந்தாலும் சரி, எவ்வளவு மட்டமான படமாக இருந்தாலும் சரி. இது இந்தப் படத்திலிருந்து சுட்டதம்மா என்று யாராவது சொல்லிவிட்டால் நிம்மதியாக மூச்சு விடலாம். டைட்டிலில் 'கதை வசனம்: அனந்த்' என்று இருந்தது. அங்கே இங்கே விசாரித்து அவர் மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டு, மறுநாள் மத்தியானம் அனந்தைப் பார்க்கப் போவதை மாமியாரிடம் மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினாள்.

அனந்துக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். சேனலைப் பற்றிச் சொன்னதும் மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

"ஊஞ்சல் 'ரத்தினபுரி ரகசியம்'தானே சார்?"

"அட, புடிச்சிட்டியே! டூரிங் கொட்டாய்ல பாத்தது. பயந்து போயி எங்க அக்கா மடில படுத்துக்கினேன்."

பூனை, கொலுசு, தலைகீழாய்த் தொங்கும் சாமியார் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அனந்து டீ வரவழைத்தார், பழைய கேமராவை எடுத்துக் காட்டினார். மதுமிதா கடைசியில்தான் கேட்டாள்.

"ஏழாவது சீன் எந்தப் படம் சார்?"

அவர் கேமராவின் மூடியைத் திருகி மூடினார். சரியாக மூடியிருந்ததை மறுபடியும் திறந்து மூடினார்.

"அது... ஏதோ இங்கிலீஷ் படம்மா. பேரு ஞாபகம் இல்ல."

"இல்ல சார். நான் எல்லாத்தையும் பாத்துட்டேன். அவனுக்கு வெயில்னா பயமில்ல. அந்தப் பொண்ணு சாப்புட முடியாம போவணும்னுதான் நிக்கறான்."

அனந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இருபது வருஷமாகச் சிரித்த ஊரில் யாருமே அவரிடம் இதைச் சொன்னதில்லை போலும்.

"நீ எந்த ஊட்டுப் பொண்ணும்மா?"

அவள் தெருவைச் சொன்னாள், கடையைச் சொன்னாள், புருஷன் பேரையும் சொன்னாள். அனந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"படம் இல்லம்மா அது. எங்க சன்மதி அக்கா ஊடு."

மாமியாருக்கு ஒரு தம்பி இருப்பதையே அந்த வீட்டில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"எங்க மாமா அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. தெனமும் தெருமொனைல நின்னுக்கினு நெழலு ஏறட்டும்னு பாப்பாரு. நானே கண்ணால பாத்தேன். தரணிக்கு முன்னாடி அக்காவுக்கு ரெண்டு வாட்டி தங்கல. வெளிய சொன்னா யாரு நம்புவா? அதான் காமெடில வச்சேன். ஊரு பாத்தா புரிஞ்சிக்கும், அவருக்கும் அவமானமா இருக்கும்னு நெனச்சேன்." அவர் கேமராவைக் கீழே வைத்தார். "மண்டபத்துல மொதல்ல போட்டுக் காட்டினோம்மா. முன் வரிசைல உக்காந்து ஜாஸ்தியா சிரிச்சதே அவருதான். மடில தரணி, ஏழெட்டு வயசு. அதுவும் கைதட்டிச் சிரிச்சுது. அக்காவும் சிரிச்சுச்சு, முந்தானையால வாய மூடிக்கினு. மறுநாள்லேருந்து என்னை அந்தத் தெருவுக்கே வரக்கூடாதுன்னுட்டாரு."

கைதட்டிச் சிரித்த அந்தப் பிள்ளையை மதுமிதா நினைத்துப் பார்த்தாள். ஊர் ஜோக்கைத்தான் தரணி சொல்கிறான் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாளே! அவன் எந்தக் காமெடியையும் பார்த்துச் சொல்லவில்லை. அப்பன் வாயிலிருந்து நேராக வாங்கிக்கொண்டிருக்கிறான். மூலம் அவள் வீட்டுக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடமாடுகிறது. அவள் கை தானாக வயிற்றைத் தொட்டது.

"நேரமாச்சு சார், நெழலு ஏறிடும்" என்று பதறி எழுந்தாள்.

"எங்கம்மா ஏறிடும்? வெளிய பாரு."

பார்த்தாள். மேற்கே ஒரு தடையும் இல்லை. வயல்வெளி முழுக்க மஞ்சள் வெயில் சாவகாசமாக அடித்துக்கொண்டிருந்தது. தாய்வீட்டு வெயில். பொழுது போவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அதே ஊர், அதே சூரியன், நடுவில் ஒரு மலை, அவ்வளவுதான். அந்த மலையை வைத்துக்கொண்டுதான் அப்பனும் பிள்ளையும் அவளுக்கும் அவள் மாமியாருக்கும் பொழுதைத் திருடியிருக்கிறார்கள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் ஆட்டோ மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பியதும் அந்த ஆத்திரமெல்லாம் வடிந்துபோய் மறுபடியும் பயம்தான் மிஞ்சியது.

தெருமுனை டீக்கடையில் தரணி இருந்தான்.

வண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கையில் பஜ்ஜி. முதுகு இந்தப் பக்கம் இருந்ததால் அவளைப் பார்க்கவில்லை. அவன் முகம் வீட்டு வாசலைப் பார்த்து இருந்தது. நிழல் எதிர்வீட்டுச் சுவரிலிருந்து இறங்கித் தெருவின் பாதியைத் தாண்டியிருந்தது. அவன் ஒரு வாய் கடித்தான், வாசலைப் பார்த்தான், இன்னொரு வாய் கடித்தான். அவசரமே இல்லை. ஒரு நல்ல படத்தைப் பார்க்கிறவனின் நிதானத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"பின்சந்தாப் போங்கண்ணா" என்றாள் மதுமிதா. இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் டிரைவர் காதில் விழுந்தது.

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சன்மதி அடுப்படியில் நின்றிருந்தாள். மருமகள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா சொன்னான் அனந்து?"

"அது படம் இல்லையாம் அத்தை."

சன்மதி குழம்புச் சட்டியின் மூடியை எடுத்துக் கீழே வைத்தாள்.

"அவர் முனைல நிக்கறாரு. பஜ்ஜி சாப்டுனு நம்ம வாசலைப் பாத்துனு இருக்காரு. எனக்குப் பயமா இருக்கு அத்தை. எனக்கில்ல, இதுக்கு" என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மதுமிதா உடைந்து அழுதாள்.

"தெரியும்மா. ஜன்னல்ல பாப்பேன். தெனமும் பாப்பேன்."

தினமும் பார்ப்பேன் என்று சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த வெட்கத்தை மதுமிதாவால் நின்று பார்க்க முடியவில்லை. கூடத்துக்குத் திரும்பினாள். திறந்திருந்த வாசல் வழியாகப் படி தெரிந்தது. நிழல் முதல் படியில் ஏறியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் படிக்கும் வந்தது. தெருமுனையில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஏறிடுச்சு அத்தை" என்றாள் மதுமிதா. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பழக்கதோஷம், கை தன் தட்டைக் கவிழ்க்கப் போனது.

சன்மதி அந்தக் கையைப் பிடித்தாள். பிறகு வாசலுக்குப் போய் இரண்டு கதவையும் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். தாழ்ப்பாள் இரண்டு தடவை வழுக்கியது. திரும்பி வந்து தட்டில் சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள்.

"அவனுக்குப் போன் போடு."

"யாருக்கு அத்தை?"

"எந்தம்பிக்கு."

மதுமிதா போட்டாள். ஸ்பீக்கரில் அனந்தின் குரல் வந்தது.

"சொல்லும்மா, பத்திரமா போயிட்டியா?"

சன்மதி போனுக்கு அருகே குனிந்தாள். இருபது வருஷமாகப் பேசாத தம்பியிடம் சௌக்கியமா என்று கேட்கவில்லை.

"அனந்து, அங்க வெயிலு இருக்கா?"

தட்டுத்தடுமாறி ஒரு குரல் வந்தது.

"இருக்குக்கா. நல்லா அடிக்குது."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"வாசல்லதான்கா நிக்கறேன். என் மூஞ்சி மேலயே அடிக்குது."

"சாப்டு" என்றாள் சன்மதி மருமகளிடம். "இன்னும் பொழுது போவல."

மதுமிதா சோற்றைப் பிசைந்தாள். வாசலில் வண்டி நின்றது. செருப்புச் சத்தம் படியேறியது. கதவைத் தள்ளிப் பார்த்த சத்தம் கேட்டது. அப்புறம் விரல் முட்டியால் மெதுவாக, மரியாதையாக மூன்று தட்டு.

"சாப்டியா கண்ணு?"

முதல் கவளம் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. சன்மதி எழுந்துபோய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்டுனு இருக்கா" என்றாள் சன்மதி, கதவைப் பார்க்காமல். "சாப்டு முடிக்கட்டும். அதுவரிக்கும் அங்கயே நில்லு."

"அம்மா?" என்றான் தரணி. அந்தக் குரலில் இப்போது தேன் இல்லை. "கதவத் தொறங்கம்மா. பொழுது போயி எவ்ளோ நேரமாச்சு!"

மறுபடியும் தட்டினான். இந்தத் தடவை முட்டியால் இல்லை, உள்ளங்கையால். தாழ்ப்பாள் குலுங்கியது. சன்மதி கண்ணை மூடிக்கொண்டாள், நகரவில்லை. மதுமிதா கவளத்தை வாயில் போட்டு மென்றாள். கண்ணீர் தட்டில் விழுந்தது. அடுத்த கவளத்தை எடுத்தாள். கதவு அதிர அதிரத் தரையில் கிடந்த போனிலிருந்து அனந்து விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இருக்குக்கா... இன்னும் இருக்கு... இன்னும் இருக்கு..."